போர் விமான மாடல்களில் அசைவுப் பிழைகள்: கேள்வி பதில்

கேள்வி: நான் கணினியில் உருவாக்கிய பி-40 (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானம்) முப்பரிமாண மாடலில் சக்கரத்தை மடக்கும்போது, பாதி வழியில் அது முறுக்கிக்கொண்டு இறக்கையைத் துளைத்து மேலே வந்துவிடுகிறது. தொடக்க நிலையும் இறுதி நிலையும் சரியாக உள்ளன. பிழை எங்கே?

பதில்: இரண்டு கீஃப்ரேம்களுக்கும் (பொருளின் நிலையைக் குறித்துவைக்கும் ஃபிரேம்கள்) இடைப்பட்ட பாதையில் இருக்கிறது. பி-40இன் சக்கரத் தண்டு பின்னோக்கி மடங்குகிறது. சக்கரம் இறக்கைக்குள் தட்டையாகப் படுக்க வேண்டும் என்பதற்காக, மடங்கும்போதே தன்னச்சில் 90 பாகை திரும்பவும் செய்கிறது. இவ்விரு சுழற்சிகளையும் ஒரே பொருளின்மீது ஏற்றினால், மென்பொருள் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே தானாக ஒரு வழியைக் கணக்கிட்டுக்கொள்ளும். உண்மையான தண்டு அந்த வழியில் செல்வதில்லை. ஆகவே, வெற்றுப் பொருள்கள் (திரையில் தெரியாமல், அசைவைத் தாங்க மட்டும் பயன்படுபவை) இரண்டை உருவாக்கி, முதலாவதை மடக்குக் கீல் இருக்கும் இடத்திலும், அதன் சேயாக (அது அசைந்தால் கூடவே அசையும்படி) இரண்டாவதைத் தண்டின் நடுக்கோட்டிலும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சில் மட்டுமே அசைவு கொடுங்கள். தண்டின் மெஷ் (கண்ணுக்குத் தெரியும் வடிவம்) இரண்டாவதன் சேயாக அமையட்டும். நடுவில் கூடுதலாக ஒரு கீஃப்ரேம் வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த இடத்தில் தண்டு வெட்டி இழுப்பது அருகிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை. எஃப்4யூ கோர்செயர் என்ற போர் விமானத்தின் தண்டும் திரும்பியே மடங்குவதால், அதற்கும் இம்முறை பொருந்தும்.

கேள்வி: டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமானப் பறத்தல் விளையாட்டில், இடது சக்கரம் சேதமுற்று இறங்காத நிலையிலும் என் மாடலில் இரண்டு சக்கரங்களும் இறங்குகின்றன.

பதில்: வலது தண்டைப் பிரதியெடுத்து இடதுபுறம் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே மூக்குச் சக்கரத்துக்கு 0, வலதுக்கு 3, இடதுக்கு 5 என்று ஆர்கியூமென்ட் எண்கள் (எந்தப் பாகம் அசைய வேண்டும் என்பதைக் குறிப்பவை) உள்ளன. பிரதியெடுத்தபோது 3 என்ற எண்ணும் கூடவே வந்திருக்கும். இரு தண்டுகளும் சேர்ந்தே இறங்கும் சாதாரணப் பறத்தலில் இது கண்ணில் படாது. மாடல் வியூவரில் (மாடலைத் தனியே பார்க்கும் கருவி) 5ஐ மட்டும் நகர்த்திப் பாருங்கள். இடது தண்டு அசையாவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

கேள்வி: புரொப்பெல்லர் சில வேகங்களில் நின்றுவிட்டதுபோலவும், சில வேகங்களில் பின்னோக்கிச் சுழல்வதுபோலவும் தெரிகிறது.

பதில்: இது மாடலின் குறையன்று, திரையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம்கள் தோன்றுகின்றன என்பதைப் பொறுத்தது. மூன்று இதழ்கள் கொண்ட புரொப்பெல்லரில் இதழ்களுக்கிடையே 120 பாகை இடைவெளி உண்டு. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது, நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓர் இதழ் முந்தைய இதழின் இடத்துக்கே வந்து நிற்பதால், அசைவே தெரியாது. 600 சுற்றைத் தாண்டியதுமே பின்னோக்கிய தோற்றம் தொடங்கிவிடும். எனவே அதற்கு முன்பே இதழ்களை மறைத்து, மங்கலான வட்டத்தைக் காட்டுங்கள். 30 ஃபிரேமில் ஆடுபவர்களையும் மனத்தில் கொண்டால், அந்த எல்லையை 300 சுற்றுக்குக் கீழே வைப்பதே நல்லது.

கேள்வி: சற்றுத் தொலைவு சென்றதும் ஏலரான்கள் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடுகள்) அசைவதில்லையே?

பதில்: தொலைவுக்கென்று வைத்துள்ள எளிய மாடலில் அந்த அசைவு சேர்க்கப்பட்டிருக்காது. மூல மாடலில் உள்ள அதே ஆர்கியூமென்ட் எண்களை அதிலும் கொடுத்து, மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள்.