மெயின்ஃப்ரேம் டிரெயினிங்கில் போட்டுவிட்டார்களா?

வணக்கம் அம்மா. ஐடி கம்பெனியில் கூடச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் கிளவுட் டிரெயினிங், என் பெண்ணுக்கு மட்டும் பழைய மெயின்ஃப்ரேமா என்று கலங்கியிருக்கிறீர்கள். ராஜினாமா பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

மெயின்ஃப்ரேம் என்பது வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் கணக்குகளைக் கையாளும் பெரிய கம்ப்யூட்டர். அது பழசு என்பது பாதி உண்மைதான். ஐபிஎம் கம்பெனியின் சிஸ்டம்/360 மெயின்ஃப்ரேம் அறிவிக்கப்பட்டது 1964-ல். அதில் புரோகிராம் எழுதும் கோபால் (COBOL) மொழி அதற்கும் மூத்தது. ஆனால் 2025-லும் இசட்17 என்று புது மாடல் வந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் எழுதிய புரோகிராம் இன்றைய மெஷினிலும் ஓடுகிறது. அமெரிக்க வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இதை விடாமல் வைத்திருக்க அது ஒரு முக்கியக் காரணம்.

வானிலையைக் கணிக்கும் சூப்பர் கம்ப்யூட்டர் ஒரே பெரிய கணக்கோடு மல்லுக்கட்டும். மெயின்ஃப்ரேமுக்கு வருவது சின்னச் சின்னக் கணக்குகள், ஆனால் லட்சக்கணக்கில். ஒருவர் கணக்கில் 500 டாலர் கழிந்தால் இன்னொருவர் கணக்கில் அது ஏறியே ஆக வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது. கிளவுடில் வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், ஒன்று படுத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். மெயின்ஃப்ரேமில் ஒரே பெட்டிக்குள்ளேயே முக்கியமான பாகங்களுக்கு மாற்று தயாராக இருக்கும்.

அமெரிக்காவில் ராத்திரி ஓடும் பேட்ச் ஜாப், அதாவது மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் கணக்கு வேலை, நேர வித்தியாசத்தால் பெரும்பாலும் நம் பகலில் ஓடும். எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்பேஸ் வந்தால் போதும், எஸ்ஓசி செவன் (S0C7) என்ற பிழைக் குறியீட்டோடு ஜாப் நின்றுவிடும். எந்த ரெக்கார்டு, எந்த ஃபீல்டு என்று தேடிப் பிடிக்க வேண்டும். அந்தத் தேடலில் வரும் நிதானம் எந்தத் தொழில்நுட்பத்துக்குப் போனாலும் உதவும்.

எனக்கும் ஒரு கவலை உண்டு. ஜாப் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் வேலையில் அவள் இரண்டு வருடம் தங்கிவிடக் கூடாது. கோபால், ஜாப்பை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல், டேட்டாபேஸான டிபி2, ஆன்லைன் பரிவர்த்தனைகளைக் கையாளும் சிஐசிஎஸ் நான்கிலும் கை வைக்கிற டெவலப்மென்ட் வேலையை மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வேலை மாறும்போது வாய்ப்புகள் ஜாவா அளவுக்கு நிறைய இருக்காது, அதையும் மறைக்க விரும்பவில்லை. அதனால் ஜாவாவோ பைத்தானோ பக்கத்திலேயே வரட்டும். மெயின்ஃப்ரேமை மற்ற சிஸ்டங்களோடு இணைக்கும் வேலைக்கு இரண்டும் தெரிந்த ஆள் தேவைப்படுவார்.

மெயின்ஃப்ரேம் கற்றுக்கொடுக்கும் ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் (IBM Z Xplore) என்ற ஆன்லைன் தளம் இலவசம்தான். வீட்டு லேப்டாப்பிலிருந்தே நிஜ மெயின்ஃப்ரேமில் பயிற்சி செய்யலாம். ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள்.