முதன்முறை தனியாக வெளிநாடு போகும்போது மலிவான தங்குமிடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியின் விவரம்: வயது 26, பெண். மும்பை அந்தேரியில் பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட்) இருக்கிறேன். கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பார்க்க ஒன்பது இரவுகள் கையில் இருக்கின்றன. தங்குவதற்கு ஒரு இரவுக்குச் சராசரியாக இரண்டாயிரம் ரூபாய்தான் முடியும். ஹாஸ்டலில் பலரோடு ஒரே அறை என்றதும் அம்மா பயப்படுகிறார்.

பதில்:

அந்தேரியில் பி.ஜி. பிடித்துக் குடியிருக்கும் உங்களுக்கு இது புது வித்தை இல்லை. மும்பையில் வீடு தேடுகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் கேட்போம். பக்கம்தான், நடந்தே போய்விடலாம் என்பார் புரோக்கர். நடந்து பார்த்தால் இருபத்தைந்து நிமிடம், நடுவில் ஒரு நாலாவையும் (சாக்கடைக் கால்வாய்) தாண்ட வேண்டும். அந்த புரோக்கர் மேல் வைக்கிற சந்தேகத்தை அப்படியே புக்கிங் தளத்தின் மேலும் வைத்தால் பாதி வேலை முடிந்தது. நானும் செம்பூரில் வளர்ந்தவள்தான். ஆனாலும் முதல் பயணத்தில் இந்தச் சந்தேகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

2018-ல் கோலாலம்பூர். படுக்கை ஒன்றுக்கு 25 ரிங்கிட், அன்றைய கணக்கில் சுமார் 430 ரூபாய். அந்தத் தளத்தில் இருந்ததிலேயே மலிவு என்பதற்காகவே எடுத்தேன். விமானம் தாமதமாகி இறங்கவே பதினொன்றே முக்கால். அந்த விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். குடிநுழைவுச் சோதனை வரிசையைத் தாண்டி, பஸ் பிடித்து, ஊரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால். எல்.ஆர்.டி., மோனோரயில் என்ற நகர ரயில்கள் எல்லாம் நின்றுவிட்ட நேரம். டாக்ஸிக்காரர் மீட்டரைத் தொடாமல் நாற்பது ரிங்கிட் என்றார். பேரம் பேசும் தைரியம் அந்நேரத்தில் இல்லை, கொடுத்தேன். சந்துக்குள் ஒரு இரும்புக் கதவு, பூட்டியிருந்தது. ரிசப்ஷன் இரவு பத்து மணி வரை மட்டும் என்று அவர்கள் பக்கத்தில் எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. கதவுக்கான எண்ணை மாலையிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். சிம் கார்டைக் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டதால் அதுவும் எனக்கு வந்து சேரவில்லை.

சந்து முனையில் ஒரு மாமாக் கடை, அதாவது அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை, திறந்திருந்தது. தே தாரிக் என்ற டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் என் பெட்டியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, இந்த நேரத்துல?" என்றார். தமிழ்! அழுகை வந்துவிட்டது. தன் போனிலிருந்து அவர் ஹாட்ஸ்பாட் கொடுக்க, எண் வந்தது, கதவு திறந்தது. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அப்புறம் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். படுக்கைக்கு இருபத்தைந்து, டாக்ஸிக்கு நாற்பது. ஸ்டேஷனை ஒட்டி ஒரு தனி அறையே எடுத்திருக்கலாம்.

அதனால் நான் இப்போது முதல் இரவை மற்ற இரவுகளோடு சேர்ப்பதில்லை. அதற்குத் தனி விதி: விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலோ பஸ்ஸோ நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள், இரவு முழுக்க ஆள் இருக்கும் ரிசப்ஷனோடு, கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை என்று ஒரு தனி அறை. மறுநாள் வெயிலில் தெருவைப் பார்த்துவிட்டு மலிவான இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். வந்து சேரும் நேரத்தை முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். எந்த ஹாஸ்டலாக இருந்தாலும் ஒரு நாளுக்குள் பதில் போட வேண்டும். போடவில்லை என்றால், நடுராத்திரியிலும் போடமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் நமக்கு உண்டு. மும்பையிலிருந்து கிழக்கே போகும் பல விமானங்கள் ராத்திரியில்தான் கிளம்பும். பதினொன்றரைக்கு ஏறினால் ஐந்தரை மணி நேரப் பயணம், மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், ஆக காலை ஏழரைக்கு இறங்குவீர்கள். அறை கிடைப்பது மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்க விடுவார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஹாஸ்டல்களில் பெரும்பாலும் விடுவார்கள், சின்ன ஹோட்டல்களில் பெட்டியை மட்டும் வாங்கி வைப்பார்கள்.

அடுத்தது விலை. திரையில் தெரியும் தொகை உங்கள் செலவு இல்லை. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி 2017-லிருந்து இருக்கிறது. பல நேரம் அதைக் கவுண்டரில்தான் கேட்பார்கள். 75 ரிங்கிட் அறையில் பத்து என்பது சின்னத் தொகையா? துண்டு வாடகை, துணி துவைக்கும் இயந்திரம், பூட்டு என்று சில இடங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. கார்டு தேய்க்கும்போது ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. எல்லாவற்றுக்கும் மேலே போக்குவரத்து. ஊருக்கு வெளியே இரவுக்கு முந்நூறு ரூபாய் மிச்சம் என்று எடுத்து, தினம் இரண்டு முறை டாக்ஸி பிடித்தால் அந்த மிச்சம் மதியத்துக்குள் கரைந்துவிடும்.

ஊருக்குள் எங்கே என்பதற்கு என் கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள். கோலாலம்பூரில் பாசார் செனி நிலையத்தைச் சுற்றி. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. இரண்டும் அங்கே சந்திக்கின்றன, பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் ஹாஸ்டல்களும் நிறைய. பிரிக்ஃபீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். முதல் இரவுக்கு அதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. புக்கிட் பிந்தாங்கைப் பலர் சொல்வார்கள். அங்கே சங்காட் தெருவின் பார்கள் விடிய விடிய ஆடும், தூக்கம் வேண்டுமென்றால் வேண்டாம்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா, லாவெண்டர், சைனாடவுன், மூன்றில் எதுவும் சரி. சாங்கி விமான நிலையத்திலிருந்து எக்ஸ்போவில் ஒரே ஒரு முறை மாறினால் டவுன்டவுன் லைன் லிட்டில் இந்தியாவிலேயே கொண்டுபோய் விடும். ஞாயிறு மாலை மட்டும் அந்தப் பக்கம் நகர முடியாது, வேலைக்கு வந்திருக்கும் நம் தம்பிமார்களுக்கு அன்றுதான் விடுமுறை. தளத்தில் கேலாங் என்ற பெயரோடு சிங்கப்பூருக்கே பொருந்தாத மலிவில் ஹோட்டல்கள் வரும். அது அந்த ஊரின் சிவப்பு விளக்குப் பகுதி. ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரவில் தனியாக நடந்து வர எனக்குப் பிடிக்காது. இன்னொன்று, யாராவது தங்கள் ஃபிளாட்டில் ஒரு அறையை நாலு நாளுக்குத் தருவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது, அரசு அடுக்குமாடி என்றால் ஆறு மாதம். ஜன்னல் இல்லாத அறை அங்கே சகஜம், அறையின் பெயரிலேயே சொல்லியிருப்பார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு தினம் சிங்கப்பூர் போய் வந்தால் மலிவு என்று உங்களுக்கும் யாராவது யோசனை சொல்வார்கள். நம்மூர் விரார் லோக்கல் ரயில் நெரிசலில் பாஸ்போர்ட்டும் முத்திரையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் காலையிலும் மாலையிலும் அதுதான் நிலைமை. ராத்திரி பஸ்ஸில் ஏறினால் ஒரு இரவு வாடகை மிச்சம் என்ற யோசனையும் இந்த வழித்தடத்தில் பலிக்காது. எல்லையில் இரண்டு முறை எழுப்பி இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள். கண்ணை மூடுவதற்குள் ஊர் வந்துவிடும்.

விமர்சனங்களை நான் கீழிருந்து மேலே படிப்பேன். ஒன்று, இரண்டு மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதில் கடைசி மூன்று மாதம் மட்டும். துண்டு தரவில்லை, காலை உணவு சுமார் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. மூட்டைப்பூச்சி என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுவேன். லாக்கர் பூட்டவில்லை, பெண்கள் அறைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், ராத்திரி ரிசப்ஷனில் ஆளே இல்லை, இதில் ஏதாவது இரண்டு பேர் எழுதியிருந்தால் அதுவும் வேண்டாம். தனியாக வந்த பெண்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். "தெரு இருட்டு" என்பதை மற்றவர்கள் எழுத மாட்டார்கள். படங்களில் படுக்கையைப் பார்க்காமல் குளியலறையைப் பாருங்கள், படமே இல்லை என்றால் ஏன் என்று யோசியுங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல், மெத்தையின் மூலைத் தையலைத் தூக்கிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இனி அம்மாவின் பயம். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். "முன்ன பின்ன தெரியாதவங்களோட ஒரே ரூம்ல எப்படிடீ?" என்று அம்மா கேட்டபோது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். 1979-ல் திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்தவர், மாட்டுங்காவில் ஒரே அறையில் ஏழு பேர். ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, சட்டை மாட்ட ஒரு ஆணி. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் வைத்திருந்த, கடையும் தங்குமிடமும் ஒன்றான கிட்டங்கிகளும் அந்த மாதிரிதான். பகலில் வட்டிக்கடை, இரவில் அதே கூடத்தில் பாய். எழுபதுகளில் அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. ஆனால் பலரோடு ஒரே கூடத்தில் படுத்துக் காசு மிச்சம் பிடிப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இல்லை என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

பெண்களுக்கு மட்டுமான அறை, திரை போட்ட கீழ்ப் படுக்கை, அறைக்குள்ளேயே லாக்கர், தளத்துக்குத் தளம் கார்டு போட்டுத் திறக்கும் கதவு, இவை இருந்தால் நான் தயங்குவதில்லை. நான்கு படுக்கை அறையைவிட எட்டு படுக்கை அறை எனக்கு நிம்மதி. நான்கில் மற்ற மூவரும் தோழிகளாக வந்துவிட்டால் நீங்கள் அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஆகிவிடுவீர்கள். பூட்டு மட்டும் இங்கிருந்தே கொண்டுபோங்கள், தாதர் கடைத்தெருவில் வாங்கும் சின்னப் பூட்டு போதும், லாக்கர் வளையத்தில் நுழைய வேண்டும். பிளக்கும் கவனம், இரண்டு ஊரிலும் இங்கிலாந்து மாதிரி தட்டையான மூன்று கால் பிளக். அடுப்புள்ள சமையலறை இருந்தால் பருப்புப்பொடியும் ஒரு சின்ன நெய் டப்பாவும் இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். மைக்ரோவேவை மட்டும் வைத்துவிட்டுச் சமையலறை என்று எழுதுகிறவர்களும் உண்டு.

உங்கள் பதினெட்டாயிரத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஒரு நல்ல படுக்கைக்கே மூவாயிரம் பக்கம் போகும். கோலாலம்பூரில் ஆயிரத்தைந்நூறுக்குச் சின்னத் தனி அறை கிடைக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே மலாக்காவைச் சேர்த்து, நான்கு, இரண்டு, மூன்று என்று பிரிப்பேன். கோலாலம்பூருக்கு ஆறாயிரம், மலாக்காவுக்கு மூவாயிரம், சிங்கப்பூருக்கு ஒன்பதாயிரம். மலாக்காவில் வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெரு இரவுச் சந்தை, அந்த மூன்று நாளும் வாடகை ஏறிவிடும். வார நாளில் போனால் அதே அறை மலிவு, 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கும் தெருவிலும் கூட்டம் இருக்காது. எல்லா இடத்தையும் இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி தேடினால் அதே இடமே விலை குறைந்து கிடைப்பதும் உண்டு.

வியாழக்கிழமை கிளம்பி அன்றே போய்ச் சேரும் பகல் விமானமாகப் பாருங்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை கோலாலம்பூர், முதல் இரவு பிரிக்ஃபீல்ட்ஸ். திங்கள் காலை பஸ், திங்களும் செவ்வாயும் மலாக்கா. புதன் பகல் பஸ்ஸில் வெளிச்சம் இருக்கும்போதே சிங்கப்பூர், லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உங்களுக்கு இல்லை. சனிக்கிழமை விமானம் ஏறினால், திங்கள் ஆபீசுக்கு முன்னால் துணி துவைக்க ஒரு ஞாயிறு மிச்சம்.