நோட்டின் கடைசிப் பக்கம்

வணக்கம் ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500க்கு 431 எடுத்தாள். அதே ஆண்டு தேர்வெழுதிய என் நாத்தனார் மகள் 478. நாங்கள் யாரும் இருவரையும் ஒப்பிட்டுப் பேசியதில்லை. சென்ற வாரம் அவளுடைய இயற்பியல் நோட்டுக்கு அட்டை போட எடுத்தபோது, கடைசிப் பக்கத்தில் "நான் ஒரு வேஸ்ட்" என்று எட்டு முறை எழுதியிருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து நானும் என் கணவரும் "நீ புத்திசாலி, உன்னைப் போல யாரும் இல்லை" என்று தினமும் பாராட்டிப் பார்க்கிறோம். "பொய் சொல்லாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். பிள்ளைகள் தங்கள்மேல் தாங்களே கருணை காட்டப் பழக வேண்டும் என்று அவள் பள்ளிக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். அப்படிப் பழகினால் சோம்பேறியாகிவிட மாட்டாளா? ஒரே பிள்ளையைக்கூட ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவளாகிவிட்டேனே என்று இருக்கிறது. நோட்டைப் பார்த்ததை அவளிடம் சொல்லலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றவற்றைப் பேசும் முன் ஒன்றைக் கவனித்துவிடுங்கள். மகள் சரியாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, தோழிகளுடன் பழைய மாதிரி பேசுகிறாளா, உடம்பைக் காயப்படுத்திக்கொண்ட அடையாளம் எங்காவது தெரிகிறதா, தான் இல்லாமல் போனால் நல்லது என்ற தொனியில் எதையாவது சொன்னாளா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றில் ஐயம் வந்தாலும் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சாவைப் பற்றி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பலர் தயங்குவார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்கலாம்.

அப்படி ஏதும் இல்லையென்றால், முதலில் பாராட்டைப் பற்றிப் பேசுவோம். உங்கள் மகள் கையில் ஒரு தராசு இருக்கிறது. அதன் ஒரு தட்டில் 431 இருக்கிறது. நீங்கள் இருவரும் மறுதட்டில் "புத்திசாலி", "யாரும் இல்லை" என்று அள்ளிவைக்கிறீர்கள். அவள் மதிப்பை நிறுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கணக்குத் தெரியும். தன் மதிப்பெண்ணையும் பெற்றோரின் பதற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவ்வளவு உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்கா நான் தாழ்ந்துவிட்டேன் என்று அவள் முடிவுக்கு வருவதில் தவறு ஒன்றும் இல்லை.

நெதர்லாந்தில் எட்டி ப்ரம்மல்மன் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பிள்ளைகளிடம் வான்கோவின் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரையச் சொல்லி, சிலரிடம் அழகாக இருக்கிறது என்றும், சிலரிடம் நம்பவே முடியாத அளவுக்கு அழகாக இருக்கிறது என்றும் எழுதிக்கொடுத்து, வேறு சிலரை ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். அடுத்து எளிய படத்தை வரைவதா, கடினமான படத்தை வரைவதா என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, தன்மதிப்புக் குறைவாக இருந்த பிள்ளைகள் அந்த மிகையான பாராட்டைக் கேட்ட பிறகு எளிய படத்தின் பக்கமே சாய்ந்தார்கள். அந்த உயரத்திலிருந்து விழ அவர்களுக்குத் துணிவில்லை. அவர்கள் உங்கள் மகளைவிடச் சிறியவர்கள்தான். ஆனாலும் கதவு சாத்தப்படும் சத்தம் எனக்கு ஒன்றுபோலவே கேட்கிறது.

நாம் மட்டும் இந்தத் தவறைச் செய்யவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜான் வாஸ்கன்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால், 1986இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே அரசு ஒரு குழுவை அமைத்தது. தன்மதிப்பை உயர்த்திவிட்டால் படிப்பில் பின்தங்குவது முதல் போதைப் பழக்கம், வன்முறை வரை எல்லாவற்றுக்கும் அது தடுப்பூசிபோல் அமையும் என்று நம்பினார்கள். உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் மூன்று சக ஆய்வாளர்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் படித்து 2003இல் எழுதியபோது, தன்மதிப்பு உயர்ந்ததால் படிப்பு உயர்ந்ததற்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை என்றும், நன்றாகப் படிப்பதால் தன்மதிப்பு உயர்வதுதான் ஓரளவு நடக்கிறது என்றும் சொன்னார்கள்.

அதே 2003இல்தான் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப், உங்கள் பள்ளிக் கூட்டத்தில் பேசியவர் சொன்ன கருணையை அளப்பதற்கான வினாநிரலை வெளியிட்டார். தமிழில் இதற்குப் பழகிய சொல் இல்லை. தன்னிரக்கம், கழிவிரக்கம் என்று நம்மிடம் இருப்பவை இதற்கு நேர் எதிரானவை. தன்னிரக்கம் "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்கும். நெஃப் சொல்வதன் உயிர்நாடியோ "இப்படி ஆவது மனிதருக்கு இயல்பு, நானும் அதில் ஒருத்தி" என்பது. அதனுடன் இரண்டு சேர வேண்டும். ஒன்று, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் உள்ளபடி பார்ப்பது. மற்றது, அந்த நேரத்தில் நம்மிடம் நாமே கடுஞ்சொல் பேசாதிருப்பது. இதில் தராசே கிடையாது என்பதைக் கவனியுங்கள். 431 நல்ல மதிப்பெண்ணா என்ற விவாதத்துக்குள் போகாமலே அவளுக்கு ஆறுதல் கிடைக்க இதில் வழி இருக்கிறது.

சோம்பேறியாகிவிடுவாளோ என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்றில் மாணவர்களைத் தடுமாற வைத்தார்கள். ஒரு பிரிவினரிடம் இது பலருக்கும் கடினம்தான், உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம் என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதே, நீங்கள் புத்திசாலியாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் முதல் பிரிவினர். உங்கள் வீட்டில் தினமும் நடப்பது இரண்டாம் பிரிவினரின் கதை. இதன் காரணமும் எளியதுதான். திட்டு விழும் என்று தெரிந்த இடத்தில் யாரும் தன் விடைத்தாளைத் திறந்து பார்க்க மாட்டார்கள், திட்டுகிறவர் தானேயானாலும்.

இனி உங்களுக்குச் சற்று வலிக்கக்கூடிய இடம். மகளை யாருடனும் ஒப்பிட்டதில்லை என்கிறீர்கள். ஆனால் ஒருமுறையும் பார்த்திராத எனக்கு எழுதிய கடிதத்தின் முதல் சில வரிகளிலேயே நாத்தனார் மகளின் 478 வந்துவிட்டது. மாநிலத்தில் முதலிடம் பிடித்தவர்களின் பெயர்களை வெளியிடுவதை அரசு 2017இல் நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் பலகைகளில் அந்த வழக்கம் இன்னும் நிற்கவில்லை, நம் மனத்திலும் நிற்கவில்லை. "ஒரே பிள்ளையைக்கூட ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியையும் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கையெழுத்து மட்டும்தான் வேறு. பால் பொங்கி வழிந்தபோதும், பேருந்தைத் தவறவிட்டபோதும், அலுவலகத்தில் கணக்குப் பிசகியபோதும் நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை அவள் பதினாறு ஆண்டுகளாகக் கேட்டிருப்பாள். நம் வீடுகளில் அடக்கம் என்ற பெயரில் இந்தப் பேச்சுக்கு மரியாதையும் உண்டு.

உங்களைக் குற்றஞ்சாட்ட எனக்குத் தகுதி இல்லை. ஆசிரியராக இருந்த காலத்தில் பல ஆண்டுகள் விடைத்தாள்களை மதிப்பெண்ணின் இறங்குவரிசையில் அடுக்கி, பெயர் சொல்லிக் கொடுத்துவந்தவன் நான். கடைசியில் வரும் ஒரு பையன், பெயரை நான் சொல்வதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவான். அவனுடைய சுறுசுறுப்பு என்று அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மகளுக்கென்று புதிய பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். அவள் காது படும்படி உங்கள் அடுத்த தவறை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். "உப்பு கூடிவிட்டது, இரண்டு உருளைக்கிழங்கு போட்டுப் பார்க்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறைந்த மதிப்பெண்ணோடு அவள் வரும் நாளில் பாராட்டாமல், தேற்றாமல், பக்கத்தில் சிறிது நேரம் இருங்கள். அவளாகப் பேசினால், இதே மதிப்பெண் உன் தோழிக்கு வந்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று ஒருமுறை கேட்கலாம். நெஃப் பரவலாகச் சொல்லித்தரும் கேள்வி அது. பதில் வராவிட்டால் மீண்டும் கேட்காதீர்கள்.

நோட்டைப் பார்த்ததைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திடீரென்று பொழிந்த பாராட்டுக்கெல்லாம் காரணத்தை அவளாகவே கண்டுபிடித்து, உங்கள் சொல் எதையும் நம்பாமல் போவாள். "அட்டை போட எடுத்தபோது கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் படித்தது தவறு, மன்னித்துக்கொள். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கவலையாக இருக்கிறது." இவ்வளவு போதும். "நான் ஒரு மோசமான அம்மா" என்று மட்டும் அதற்குப் பின்னால் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியவளாகிவிடுவாள். அவள் கோபப்பட்டால் படட்டும், அன்றிரவு அதற்குமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.