சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கவில்லையா? டிஎன்எஸ் கேள்வி பதில்

சொந்த சர்வரில் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நடத்தி, லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் தளச் சான்றிதழை டிஎன்எஸ் வழியாகத் தானாகப் புதுப்பிக்கிறவர்களின் கேள்விகள் இவை; கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். டிஎன்எஸ் வழி என்றால், டொமைன் உங்களுடையது என்பதற்குச் சான்றாக '_ஆக்மி-சேலஞ்ச்' என்ற பெயரில் டிஎக்ஸ்டி என்ற எழுத்து ரெக்கார்டு ஒன்றை டிஎன்எஸ்ஸில் எழுதிக் காட்டுவது; அந்த அப்டேட்டை ஒரு சாவியால் கையெழுத்திட்டு அனுப்புவோம். சான்றிதழை வாங்கித் தரும் சர்ட்பாட் நிரலில் 'டிரை ரன்' போட்டு ஒத்திகை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட்டின் நிஜ சர்வரில் ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால் கொஞ்ச நேரத்துக்குக் கதவை மூடிவிடுவார்கள். ஒத்திகைக்குத் தனி சர்வர் இருக்கிறது, அங்கே வரம்பு தாராளம்.

செந்தூல்: அண்ணே, போன வாரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்போ அப்டேட் அனுப்பினா 'நாட்ஆத்', பக்கத்துல 'பேட்டைம்'னு வருது. சாவியையும் மாத்திப் பார்த்துட்டேன்.

சாவியை விடுங்கள் தம்பி, கடிகாரத்தைப் பாருங்கள். அப்டேட்டோடு போகும் டிஎஸ்ஐஜி என்ற கையெழுத்துக்குள் அனுப்பிய நேரமும் சேர்ந்து போகிறது. இரண்டு சர்வர்களின் கடிகாரமும் வழக்கமாக 300 விநாடிக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் சாவி சரியாக இருந்தாலும் தள்ளிவிடும்.

நேர மண்டலம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, கணக்கு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான். ஆனால் நம் ஊரில் நான் அடிக்கடி பார்க்கிற தவறு ஒன்று உண்டு. சர்வர் யுடிசியில் இருக்கும். கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று யாராவது 'டேட்' கமாண்டில் மலேசிய நேரத்தைக் கையால் வைத்துவிடுவார்கள். சர்வர் அதையே யுடிசி என்று நம்பி 8 மணி நேரம் முன்னால் ஓடும். 'டைம்டேட்சிடிஎல்' என்று அடித்துப் பாருங்கள். ஒத்திசைவு வரியில் 'நோ' என்றிருந்தால் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி நிரலை ஓடவிடுங்கள். மண்டலத்தை 'ஏசியா/கோலாலம்பூர்' என்று மாற்றிக்கொள்ளலாம், கடிகாரத்தைக் கையால் தொட வேண்டாம்.

பாயான் லெப்பாஸ்: எனக்கு 'ரெஃப்யூஸ்ட்' வருது. நேரம் சரியாத்தான் இருக்கு.

'நாட்ஆத்' வந்தால் பெரும்பாலும் சாவியிலோ நேரத்திலோ கோளாறு. 'ரெஃப்யூஸ்ட்' வந்தால் பெரும்பாலும் அனுமதி இல்லை. பைண்டில் அந்த ஸோனுக்கு (உங்கள் டொமைனின் ரெக்கார்டுத் தொகுப்பு) 'அப்டேட்-பாலிசி' எழுதியிருக்கிறீர்களா? இந்தச் சாவி, '_ஆக்மி-சேலஞ்ச்' என்ற இந்த ஒரு பெயரில், டிஎக்ஸ்டி ரெக்கார்டை மட்டும் மாற்றலாம் என்று ஒரு 'கிராண்ட்' வரி போதும்.

பலர் அவசரத்தில் 'அலவ்-அப்டேட்' போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். அது ஸோன் முழுவதையும் அந்தச் சாவியிடம் ஒப்படைத்துவிடும். சாவி இருப்பதோ வெப் சர்வரில். நாளைக்கு யாராவது உங்கள் வேர்ட்பிரஸ் ஓட்டை வழியாக உள்ளே வந்தால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றி உங்கள் மெயில் எல்லாவற்றையும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும்.

ஜெலுத்தோங்: உபுண்டு சர்வர். அனுமதி சரி, ஆனா 'சர்வ்ஃபெயில்'.

ஸோன் ஃபைல் ஈடிசி/பைண்ட் ஃபோல்டரில் இருக்கிறதா? உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர் அங்கே பைண்டை எழுத விடாது. அப்டேட் வந்ததும் பைண்ட் பக்கத்திலேயே ஒரு ஜேஎன்எல் ஜர்னல் ஃபைல் உண்டாக்க வேண்டும். முடியாவிட்டால் 'சர்வ்ஃபெயில்' சொல்லும். லாக்கில் 'பெர்மிஷன் டினைட்' தெரியும். ஃபைலை வார்/லிப்/பைண்டுக்கு மாற்றுங்கள். அதன்பிறகு அந்த ஃபைலைக் கையால் திருத்த வேண்டியிருந்தால் 'ஆர்என்டிசி ஃப்ரீஸ்', திருத்தம், 'ஆர்என்டிசி தா' (thaw) என்ற வரிசையில்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: சார், சில நாள் புதுப்பிக்குது, சில நாள் தோத்துப்போகுது. ஒண்ணுமே மாத்தலை. டிஎக்ஸ்டி ரெக்கார்டு இருக்குன்னு கூகுளோட 8.8.8.8-ல கேட்டா காட்டுது.

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். உங்கள் டொமைனைப் பற்றிப் பதில் சொல்லும் நேம்சர்வர் எத்தனை? இரண்டு என்றால் உங்கள் அப்டேட் முதன்மைக்கு மட்டும் போகிறது, துணை சர்வர் அதைப் பிறகு வாங்கிக்கொள்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் இரண்டில் எந்த சர்வரை வேண்டுமானாலும் கேட்கும். அதுவும் ஒரே இடத்திலிருந்து கேட்பதில்லை, 2020-லிருந்து உலகின் பல இடங்களிலிருந்து சரிபார்க்கிறார்கள். துணை சர்வர் பழைய பதிலைக் கொடுத்தால் அன்றைக்குத் தோல்வி.

8.8.8.8 உங்களுக்குச் சொன்னது அது கேட்ட ஏதோ ஒரு நேம்சர்வரின் பதில். அதை நம்பக் கூடாது. 'டிக்' கமாண்டில் ஒவ்வொரு நேம்சர்வரையும் பெயர் சொல்லி நேரடியாகக் கேளுங்கள். எஸ்ஓஏ ரெக்கார்டின் சீரியல் எண் (ஸோன் மாறும்போதெல்லாம் கூடும் எண்) இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். எண் வேறு என்றால் இரண்டு இடங்களில் தேடலாம். ஸோன் மாறியதைத் துணைக்குச் சொல்லும் 'நோட்டிஃபை'யை முதன்மை அனுப்புகிறதா என்பது ஒன்று. துணை வந்து ஸோனை எடுத்துப்போக டிசிபி போர்ட் 53 திறந்திருக்கிறதா என்பது இன்னொன்று. ஃபயர்வாலில் யுடிபி 53 மட்டும் திறந்துவிட்டு டிசிபியை மறந்துவிடுவது ரொம்ப சகஜம். சாதாரணக் கேள்விகளுக்குப் பதில் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லாம் சரி, கொஞ்சம் தாமதம்தான் என்றால் சர்ட்பாட்டின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுங்கள். டிஎன்எஸ் அப்டேட்டை அனுப்பும் ஆர்எஃப்சி 2136 ப்ளகினில் அது தானாக 60 விநாடி.

கெப்போங்: 'ரெஃப்யூஸ்ட்'னு வருது, என்ன செய்யலாம்?

பாயான் லெப்பாஸுக்குச் சொன்ன பதில்தான்.

பட்டர்வொர்த்: இவ்வளவு பாடு எதுக்கு? காசு கொடுத்து ஒரு வருஷத்துக்கு வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சதே.

ஐயா, அந்தக் காலம் போய்விட்டது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர்காரர்களும் 2025 ஏப்ரலில் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். சான்றிதழின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காசு கொடுத்தாலும் இதே கெடுதான்.

செராஸ்: ஐயா சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. எச்டிடிபி வழியில சரிபார்த்தா டிஎன்எஸ் சாவியே வேண்டாமே?

ஒரே ஒரு தளம், போர்ட் 80 திறந்திருக்கிறது என்றால் தாராளமாக அப்படியே செய்யுங்கள். டொமைனின் எல்லாத் துணைப்பெயர்களுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ், அதாவது வைல்ட்கார்டு, வேண்டுமென்றால் லெட்ஸ் என்கிரிப்ட்டில் டிஎன்எஸ் வழி மட்டும்தான்.

பட்டர்வொர்த்: நான் கேக்கிறது வேற. டிஎன்எஸ் சாவியை இணையத்துல நிக்கிற சர்வர்ல வைக்கச் சொல்றீங்களே, அது ஆபத்தில்லையா? 47 நாளுக்கு ஒருதடவை நானே கையால செஞ்சிட்டுப் போறேன்.

பயம் நியாயமானது ஐயா, ஆனால் தீர்வு கைவேலை இல்லை. 47 நாள் என்றால் ஒரு டொமைனுக்கே வருஷத்துக்கு 8 தடவை. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் ஒன்று வந்து விழும். கோயில் தளமும் பள்ளித் தளமும் அன்றைக்குத்தான் சிவப்பு எச்சரிக்கை காட்டும்.

சாவிக்கு வழி இருக்கிறது. '_ஆக்மி-சேலஞ்ச்' பெயரை சிநேம் என்ற மாற்றுப்பெயர் ரெக்கார்டு மூலம் வேறொரு சின்ன ஸோனுக்குத் திருப்பிவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சிநேமைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும். அப்டேட் சாவி அந்தச் சின்ன ஸோனை மட்டும் தொடும், உங்கள் முதன்மை ஸோன் யார் கைக்கும் போகாமல் நிலையாக இருக்கும். சாவி திருட்டுப்போனால் உங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் வாங்கப் பார்ப்பார்கள், அது கெடுதல்தான். ஆனால் மெயிலும் தளமும் கைமாறாது.

பட்டர்வொர்த்: சரி, இதை ஒத்துக்கிறேன். செஞ்சு பார்க்கிறேன்.

ஒத்திகையில் முதலில், ஐயா.

ஜார்ஜ்டவுன்: டொமைனுக்கும் அதோட வைல்ட்கார்டுக்கும் சேர்த்துக் கேட்டா ஒண்ணு மட்டும் தோக்குது.

இரண்டுக்கும் '_ஆக்மி-சேலஞ்ச்' பெயர் ஒன்றேதான், டிஎக்ஸ்டி மதிப்பு மட்டும் வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட் இரண்டாவதை எழுதும்போது முதலாவதை அழிக்கிறது. அழிக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

செத்தாப்பாக்: வீட்டு லைன்ல போர்ட் எதுவும் திறக்கலை. சான்றிதழ் கிடைக்குமா?

டிஎன்எஸ் வழியில் கிடைக்கும். ஆனால் ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால் நீங்கள் பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள், வெளியாட்கள் உள்ளே வர முடியாது. பொது ஐபி கிடைக்குமா என்று இணையம் தருகிறவரிடம் கேளுங்கள். அது தனி விஷயம்.

கெப்போங்: 'அலவ்-அப்டேட்' போட்டதும் சரியாயிடுச்சு, நன்றி.

எடுத்துவிடுங்கள். 'அப்டேட்-பாலிசி' போடுங்கள். மேலே காரணம் சொல்லியிருக்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாம்: புதுப்பிச்சாச்சுன்னு சர்ட்பாட் சொல்லுது. பிரவுசர்ல பழைய தேதியே நிக்குது. காலாவதின்னு மெயிலும் வரலை.

வெப் சர்வர் நிரலான என்ஜின்எக்ஸ் பழைய சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. புதுப்பித்ததும் ஓடும் சர்ட்பாட்டின் 'டிப்ளாய் ஹூக்'கில் என்ஜின்எக்ஸ் ரீலோடு கமாண்டைச் சேருங்கள். மெயில் இனி வராது, லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. வேறொரு கணினியிலிருந்து 'ஓபன்எஸ்எஸ்எல்' மூலம் தினமும் காலாவதித் தேதியைப் பார்த்து, 20 நாளுக்குக் கீழே போனால் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரானில் போட்டுவையுங்கள்.