சட்டமூலத்துக்கு முன்னால் வரும் தீர்மானம்: விவாத விதிகள் பற்றிய கேள்வி பதில்

வலிகாமத்து உயர்தர மாணவர்கள் மாதிரிப் பாராளுமன்றம் ஒன்று நடத்த ஆயத்தமாகிறார்கள். எடுத்த பொருள் சுற்றாடல் கல்விச் சட்டமூலம். முன்மாதிரியாக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2008 இல் விவாதித்த சட்டமூலம் ஒன்றை அவர்களிடம் கொடுத்திருந்தேன். அதைப் படித்த மாணவர்களும், அவர்களுடைய ஆசிரியர்களும் பெற்றோரும், வேறு சிலரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். பாராளுமன்றத்தில் நெடுங்காலம் உரைபெயர்ப்பாளராக இருந்தவன் நான். சட்டநடைமுறைதான் எனக்குத் தெரிந்த துறை. அதற்கு வெளியே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உரும்பிராய், உயர்தர மாணவி: ஐயா, அந்தச் சட்டமூலத்தின்ர பெயரே விளங்கேல்லை. அது என்ன சொல்லுது?

பெயர் 'நோ சைல்ட் லெஃப்ட் இன்சைட்'. எந்தப் பிள்ளையும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கக்கூடாது என்பது பொருள். 2002 இல் சட்டமான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' என்ற கல்விச் சட்டத்தின் பெயரைத் திருப்பிப் போட்டது அது. பழைய சட்டம் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை வைத்துப் பாடசாலைகளை அளந்தது. பரீட்சையில் இல்லாத பாடங்கள் நேரசூசியில் சுருங்கிப்போயின, பிள்ளைகள் வெளியே போய்ப் படிப்பதும் குறைந்தது என்ற கவலையில் பிறந்தது இது. கொண்டுவந்தவர் மேரிலாண்ட் மாநிலத்து உறுப்பினர் ஜோன் சார்பேன்ஸ். ஆசிரியர் பயிற்சிக்கும் வெளிக்களக் கல்விக்கும் உதவி கொடுப்பதும், 1990 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் கல்விச் சட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுப்பதும் இதன் நோக்கம். 2008 செப்டெம்பர் 18 இல் பிரதிநிதிகள் சபையில் 293 க்கு 109 என்று நிறைவேறியது. செனற் சபை அதை எடுக்கவில்லை. அந்தக் கொங்கிரஸின் (இரு சபையும் சேர்ந்த சட்டமன்றத்தின்) காலம் முடிய அதுவும் முடிந்தது.

கோப்பாய், ஆசிரியை: கல்விக் குழு ஆராய்ந்து அனுப்பின சட்டமூலத்தை நேரே விவாதத்துக்கு எடுக்கலாம்தானே? இடையில விதிகள் குழு எண்டு இன்னொண்டு எதுக்கு?

ரீச்சர், முழு விஷயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் 435 பேர். எல்லாருக்கும் பேச உரிமை, எல்லாருக்கும் திருத்தம் கொண்டுவர உரிமை என்று விட்டால் ஒரு சட்டமூலம் ஒரு மாதம் இழுபடும். அதனால் முக்கியமான ஒவ்வொரு சட்டமூலத்துக்கும் தனித்தனியாக ஒரு விதித் தீர்மானம் எழுதுகிறார்கள். எழுதுவது விதிகள் குழு. 13 பேர், 9 பேர் பெரும்பான்மைக் கட்சி, 4 பேர் சிறுபான்மைக் கட்சி. சபையில் இரண்டு கட்சிக்கும் இடையில் எவ்வளவு சிறிய வித்தியாசம் இருந்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் மாறாது. அதைக் கவனியுங்கள். சபாநாயகரின் கை அந்தக் குழுவுக்குள் எவ்வளவு தூரம் நீளுகிறது என்பதை 9 க்கு 4 என்ற கணக்கே சொல்லிவிடும்.

குழு எழுதிய தீர்மானம் பிறகு சபைக்கு வரும். அதையே ஒரு மணித்தியாலம் விவாதிப்பார்கள். வழக்கப்படி பாதி நேரம் எதிர்த்தரப்புக்கு. வாக்கெடுத்து அது நிறைவேறினால்தான் சட்டமூலத்தின் வாசல் திறக்கும். பொது விவாதம் எத்தனை மணித்தியாலம், நேரத்தை யார் பங்கிடுவது, எந்தத் திருத்தம் வரலாம், எந்த ஒழுங்குப் பிரச்சினையை (விதி மீறப்படுகிறது என்ற ஆட்சேபனையை) கிளப்ப முடியாது என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். நேரத்தைப் பங்கிடும் பொறுப்பு பெரும்பாலும் அந்தத் துறைக் குழுவின் தலைவருக்கும் எதிர்க்கட்சி மூத்தவருக்கும் சரிபாதியாகப் போகும். 2008 இல் விதிகள் குழுவின் தலைவி நியூயோர்க்கைச் சேர்ந்த லூயிஸ் ஸ்லோட்டர். கல்வி, தொழிற் குழுவின் தலைவர் கலிபோர்னியாவின் ஜோர்ஜ் மில்லர்.

சட்டமூலத்தைப் படிக்க முன்னம் விதித் தீர்மானத்தைப் படியுங்கள். இதைத் திரும்பவும் சொல்லுவேன்.

மானிப்பாய், மாணவன்: திறந்த விதி, மூடிய விதி எண்டால் என்ன சேர்?

திறந்த விதி: சட்டமூலத்தின் பொருளோடு பொருந்தும் எந்தத் திருத்தத்தையும் எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம், ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம். மூடிய விதி: சபையில் திருத்தமே கொண்டுவர முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ளது கட்டமைத்த விதி. உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்த திருத்தங்களில் குழு தெரிந்தெடுத்தவை மட்டும் வரும், குழு சொன்ன வரிசையில், குழு சொன்ன நிமிடத்துக்குள். இன்றைக்கு நடப்பது பெரும்பாலும் பின்னைய இரண்டும்தான்.

சங்கானை, பெற்றோர் ஒருவர்: 293 பேர் ஆதரிச்சவை எண்டால், விவாத விதியையும் 293 பேர் ஆதரிச்சவை எண்டுதானே அர்த்தம்?

இல்லை. நான் எங்கே போனாலும் சொல்லும் எச்சரிக்கை இது: விதிக்கான வாக்கு வேறு, சட்டமூலத்துக்கான வாக்கு வேறு. சட்டமூலத்தை விரும்பும் எதிர்க்கட்சிக்காரர் விதியை எதிர்த்து வாக்களிப்பார், தன் திருத்தத்தை வெளியே தள்ளிவிட்டார்கள் என்பதற்காக. விதி வாக்கு கட்சிக் கோட்டில் பிரியும். சட்டமூல வாக்கு அப்படிப் பிரியாமல் போகலாம். ஓர் உறுப்பினர் சுற்றாடல் கல்விக்கு எதிரானவர் என்று விதி வாக்கை வைத்து எழுதினால் அவருக்கு அநியாயம் செய்கிறீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். வாக்களித்த 402 பேரில் மூன்றில் இரண்டு என்றால் 268. இந்தச் சட்டமூலத்துக்கு விழுந்தது அதைவிட அதிகம். மூன்றில் இரண்டு கிடைக்கும் என்று நம்பினால் 'விதிகளை இடைநிறுத்தல்' என்ற வேறு வழியிலும் போகலாம்: 40 நிமிட விவாதம், விதித் தீர்மானம் தேவையில்லை. ஆனால் அந்த வழியில் சபையிலிருந்து ஒரு திருத்தமும் வைக்க முடியாது. விதித் தீர்மானம் என்ற சுற்றுவழி சில நேரம் உறுப்பினருக்குத்தான் நன்மை.

காரைநகர், ஓய்வுபெற்ற அதிபர்: 'முழுச் சபைக் குழு' என்று படித்தேன். சபையே குழுவானால் என்ன மாறுகிறது?

ஐயா, ஆட்கள் மாறுவதில்லை, சட்டை மாறுகிறது. சபையாகக் கூடினால் கூட்டநடப்பெண் (கூட்டம் நடக்கத் தேவையான ஆகக் குறைந்த உறுப்பினர் தொகை) 218. முழுச் சபைக் குழுவாகக் கூடினால் 100 போதும். சபாநாயகர் இருக்கையை விட்டு இறங்க, அவர் நியமித்த வேறோர் உறுப்பினர் தலைமை தாங்குவார். அப்போது செங்கோலை உயரப் பீடத்திலிருந்து எடுத்துக் கீழே உள்ள பீடத்தில் வைப்பார்கள். மண்டபத்துக்குள் நுழைகிறவர் செங்கோல் இருக்கும் இடத்தைப் பார்த்தே சபையா குழுவா என்று அறிந்துகொள்வார். திருத்தங்கள் இந்தக் குழுவில்தான் வாழும் அல்லது சாகும். நம்முடைய பாராளுமன்றத்தில் குழுநிலை என்று சொல்வதும் இதன் உறவுதான். நம்மிடம் பிரதி சபாநாயகர் குழுக்களின் தவிசாளராக இருப்பார்.

நீர்வேலி, தோட்டக்காரர்: தம்பி, எங்கட கிணத்தில நைத்திரேற்று கூட எண்டு சொல்லுறாங்கள். இந்தச் சட்டத்தில அதுக்கு வழி இருக்கோ?

அண்ணை, இது அமெரிக்கச் சட்டம், நம்முடைய கிணற்றுக்கு வராது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் பசளையும் மலசலகூடக் குழியும் கிணற்றுக்குள் இறங்கும் விதத்தைத் தண்ணீர் படித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனாலும் உங்கள் கேள்வியை மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன், கடைசியில் பாருங்கள்.

கரவெட்டி, சட்டத்தரணி: அமெரிக்காவைப் புகழ்ந்து என்ன பயன்? விதிகள் குழு என்றால் ஆளும் கட்சியின் கத்தரிக்கோல். எங்கள் பாராளுமன்றத்தில் எவரும் குழுநிலையில் திருத்தம் கொண்டுவரலாம். அதுதானே கூடிய ஜனநாயகம்?

நான் புகழவில்லை. கத்தரிக்கோல் என்பதையும் மறுக்கவில்லை. 1910 வரை சபாநாயகர் ஜோசப் கனன் தானே விதிகள் குழுவின் தலைவராக இருந்து, பிடிக்காத சட்டமூலங்களைக் கழுத்தில் பிடித்தார். ஜோர்ஜ் நொறிஸ் கொண்டுவந்த பிரேரணைதான் அவரை அந்தக் குழுவிலிருந்து வெளியேற்றியது. பிறகு வேர்ஜினியாவின் ஹவார்ட் ஸ்மித் 1955 முதல் அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து, கறுப்பின மக்களின் உரிமைச் சட்டமூலங்கள் சபைக்கே வராமல் மறித்துப் பார்த்தார். 1961 இல் குழுவை 12 இலிருந்து 15 ஆக்கியபோது வாக்கு 217 க்கு 212. ஐந்து வாக்கு வித்தியாசம்! ஆகவே உங்கள் பயம் நியாயம்.

ஆனால் 'எங்கள் முறையில் எவரும் திருத்தலாம்' என்பதை அப்படியே விட முடியாது. 2017 செப்டெம்பரை நினையுங்கள். மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தபோது அதன் நோக்கம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 வீதம். குழுநிலைக்கு வந்தபோது திருத்தம் என்ற பெயரில் தேர்தல் முறையே மாறியது. கலப்பு முறை (தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்தது), அதற்கான எல்லை நிர்ணயம் எல்லாம் உள்ளே வந்தன. வர்த்தமானியில் வந்த வாசகத்தைத்தான் குடிமக்கள் உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம். குழுநிலையில் நுழைந்ததை ஆட்சேபிக்க வழியில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அந்த எல்லை நிர்ணயம் நிறைவேறாமல் தேர்தலும் நடக்கவில்லை, அதன் பிறகு அந்தச் சபை கூடவேயில்லை. திருத்தம் வைக்கும் உரிமை யாருக்குப் பயன்பட்டது, யாருடைய வாக்கைப் பறித்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

வட்டுக்கோட்டை, அரசறிவியல் ஆசிரியர்: அமெரிக்காவில் 'பொருளோடு பொருந்த வேண்டும்' என்ற விதி இருக்கிறதே. அங்கே 2017 போல நடக்காது என்கிறீர்களா?

விதி இருக்கிறது, 16 ஆம் விதியின் 7 ஆம் பிரிவு. பெண்கள் பட்டியல் சட்டமூலத்துக்குள் தேர்தல் முறையைச் சொருகினால் ஒருவர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பலாம். ஆனால் விதித் தீர்மானத்தால் அந்த ஒழுங்குப் பிரச்சினையையே முன்கூட்டித் தள்ளுபடி செய்யவும் முடியும். அங்கேயும் நடக்கும். வித்தியாசம் ஒன்றுதான்: தள்ளுபடியை எழுத்தில் வைத்து, ஒரு மணித்தியாலம் விவாதித்து, பெயரோடு வாக்களிக்க வேண்டும். பொறுப்பை யார் தலையில் வைப்பது என்று மக்களுக்குத் தெரியும்.

கரவெட்டி, சட்டத்தரணி (மீண்டும்): எழுதிவைத்து அநியாயம் செய்தால் நியாயமாகிவிடுமா?

ஆகாது. ஆனால் எழுதிவைத்த அநியாயத்தை அடுத்த தேர்தலில் காட்டிக் கேட்கலாம். எழுதாததை எதைக் காட்டிக் கேட்பது?

நான் கண்டதைச் சொல்கிறேன். நம்முடைய பாராளுமன்றத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது சபாநாயகர் தலைமையிலான பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு; அதை உறுப்பினர்களுக்குப் பங்கிடுவது கட்சிகள். சிறு கட்சி உறுப்பினருக்கு 5 நிமிடம், 6 நிமிடம் கிடைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் காதில் கேட்பொறியோடு நான் இருப்பேன். ஓர் உறுப்பினர் தன் ஊர்க் கடற்கரையில் மணல் அள்ளுவதைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். முதல் நிமிடம் தலைவருக்கு நன்றி, இரண்டாவது முன்னுரை, மூன்றாவதில்தான் கடற்கரை. அதற்குள் தலைமை தாங்குபவர் 'உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் உண்டு' என்பார். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பாதி வசனத்தோடு நிற்கும் மனிதரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நேரம் ஒதுக்குவது சின்ன விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஸ்காபரோ, கனடா: கனடாப் பாராளுமன்றத்திலும் இப்படியா?

அது வேறு மரபு. அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.

மல்லாகம், மாணவன்: மூடிய விதி எண்டால் விவாதமே இல்லையோ?

மானிப்பாய்த் தம்பிக்கு மேலே எழுதியிருக்கிறேன். விவாதம் உண்டு, திருத்தம் இல்லை.

கொக்குவில், கணக்காளர்: சட்டமூலம் சட்டமாகியிருந்தால் பாடசாலைகளுக்குக் காசு போயிருக்குமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. இது என் இரண்டாவது எச்சரிக்கை. செலவு செய்ய அனுமதிப்பது ஒரு சட்டம், பணத்தை ஒதுக்குவது இன்னொரு சட்டம். 1990 சட்டத்தையே பாருங்கள். அதன் நிதி அனுமதி 1996 உடன் முடிந்தது. அதன் பிறகும் கொங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் பணம் கொடுத்துக்கொண்டே வந்தது. அனுமதி இல்லாமல் பணம் வந்தது. அனுமதி இருந்தும் பணம் வராத திட்டங்களும் உண்டு.

இணுவில், பெற்றோர்: எதிர்க்கட்சி விதியை எதிர்த்தால் அவை சுற்றாடல் கல்விக்கு எதிரானவை என்றுதானே?

சங்கானைக்குச் சொன்ன பதிலைத் தயவுசெய்து வாசியுங்கள். மூன்றாவது முறை இதே கேள்வி வந்திருக்கிறது. விதிக்கான வாக்கு வேறு.

சுன்னாகம், மாணவி: ஐயா, எங்கட மாதிரிப் பாராளுமன்றத்துக்கு விதித் தீர்மானம் எழுதுறது எப்பிடி? ரெண்டு மணித்தியாலம்தான் மண்டபம் தருவினம்.

பிள்ளை, இதற்காகத்தான் காத்திருந்தேன். பொது விவாதம் 40 நிமிடம், ஆளும் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் சரிபாதி. திருத்தங்கள் இரண்டு நாளைக்கு முதல் எழுத்தில் வர வேண்டும். நான்கைத் தெரியுங்கள், அவற்றில் இரண்டாவது எதிர்த்தரப்பினுடையதாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். கடைசியாகச் சட்டமூலத்தைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பக் கேட்கும் பிரேரணை ஒன்றை எதிர்த்தரப்புக்கு விடுங்கள், பக்கத்துக்கு 5 நிமிடம். மிச்சம் 30 நிமிடம் விதித் தீர்மானத்தை விவாதிக்கவும் வாக்கெடுக்கவும். அதை வெட்டிவிடாதீர்கள், அந்த விவாதத்தில்தான் உங்களுக்கு எல்லாம் விளங்கும்.

நீர்வேலி அண்ணையின் கேள்வியை ஒரு திருத்தமாக எழுதியிருக்கிறீர்கள், பார்த்தேன்: 'ஒவ்வொரு பாடசாலையும் தன் கிணற்று நீரைத் தவணைக்கு ஒருமுறை பரிசோதித்து, முடிவை மாணவர்கள் பதிவேட்டில் எழுத வேண்டும்.' பொருளோடு பொருந்துகிறதா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும், ஏனென்றால் பரிசோதிப்பதும் எழுதுவதும் மாணவர்கள். 'தண்ணீர் கெட்டிருந்தால் பிரதேச சபை புதுக் கிணறு வெட்ட வேண்டும்' என்ற இரண்டாவது வசனம் பொருந்தாது, அதை எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சொல்லுக்குப் பிறகு சேர்ப்பது என்று திருத்தத்தின் தலையில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் கோப்பாய் ரீச்சரிடம் கொடுங்கள்.