பின்குறிப்பில் கிடந்த முதல் வரி

கேள்வி: நான் ஏழாம் வகுப்புக்குக் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியை. மாணவர்களே பள்ளி வளாகத்தில் மழையளவையும் வெப்பநிலையையும் நாள்தோறும் அளந்து, வரைபடமாக்கிப் படிக்கும் ஒரு செயல்திட்டத்துக்கு நிதிநல்கை கேட்டு இருமுறை விண்ணப்பித்தேன். முதல் முறை காரணம் சொல்லாமலே மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை ‘தேவை நிறுவப்படவில்லை’ என்று ஒற்றை வரி வந்தது. என் மொழிநடைதான் போதவில்லையா? கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு தந்தால் எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா? விண்ணப்பத்தின் நகலை இணைத்திருக்கிறேன். (பி.கு.: சென்ற பருவத் தேர்வில் 38 பேரில் 11 பேர்தான் வரைபடத்தின் அச்சுகளில் அலகைச் சரியாகக் குறித்திருந்தார்கள். அந்த விடைத்தாள்களைத் திருத்திய அன்றுதான் இந்த எண்ணமே தோன்றியது.)

பதில்: முதலில் அந்த எழுதித் தருபவர் விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். நல்கை விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் சங்கங்கள், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது கூடாது என்று தங்கள் நெறிமுறைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. குழந்தைகளுக்கென்று கொடுக்கப்படும் பணத்திலிருந்து எழுத்துக்கூலி போவதை நல்கை தருபவர்களும் பெரும்பாலும் ஏற்பதில்லை. தவிர, உங்கள் வகுப்பறையை ஒருமுறைகூடப் பார்த்திராதவர் எழுதினால், இப்போதுள்ள குறை இன்னும் பெரிதாகுமே ஒழியத் தீராது.

உங்கள் மொழிநடையில் குறை ஒன்றும் இல்லை. குறை எங்கே என்பதை உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. விண்ணப்பத்தின் முதல் பத்தி ‘இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பம் கல்வியின் இன்றியமையாத அங்கமாகத் திகழ்கிறது’ என்று தொடங்குகிறது. மதிப்பீட்டுக் குழுக்களில் நான் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் இந்த வாக்கியத்தை எத்தனை விண்ணப்பங்களில் படித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கண் தானாகவே அடுத்த பத்திக்குத் தாவிவிடும். உங்கள் அடுத்த பத்தியும் அதே போக்கில்தான் செல்கிறது. 38 பேரில் 11 பேர் என்ற செய்தி ஆறு பக்கங்களில் எங்குமே இல்லை. எனக்கு எழுதிய கடிதத்தில், அதுவும் பின்குறிப்பில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ‘தேவை நிறுவப்படவில்லை’ என்று எழுதியவர் கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.

அதையே முதல் வரியாக வையுங்கள். அதையடுத்து, அந்த 27 பேர் எப்படிப்பட்ட பிழைகளைச் செய்தார்கள் என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள்: அலகை எழுத மறந்தவர்கள் எத்தனை பேர், இடைவெளிகளைச் சமமாகப் பிரிக்காதவர்கள் எத்தனை பேர், எது கிடை அச்சில் வர வேண்டும் என்றே புரியாதவர்கள் எத்தனை பேர். விடைத்தாள்கள் உங்களிடம் இருக்கும். ஒரு மாலை நேர வேலை. இவ்வளவு செய்துவிட்டால், பிறர் தந்த எண்களுக்குப் பதிலாகத் தாங்களே அளந்த எண்களை வரையச் சொன்னால் இந்தப் பிழைகள் குறையும் என்ற உங்கள் எண்ணம் தானாகவே அதன்மேல் வந்து அமரும்.

அடுத்தது கருவிகள். 24 டேப்லெட் கேட்டிருக்கிறீர்கள். ஏன் 24 என்று எங்கும் சொல்லவில்லை. 38 பேருக்கு ஆளுக்கொன்று என்றால் போதாது. நால்வருக்கு ஒன்று என்றால் எட்டுக் குழுக்கள் நால்வராகவும் இரண்டு குழுக்கள் மூவராகவும் அமைய, பத்தே போதும். வரவு செலவுக் கணக்கின் ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கப் பகுதியில் ஒரு செயல் இருக்க வேண்டும். விளக்கப் பகுதியின் ஒவ்வொரு செயலுக்கும் கணக்கில் ஓர் எண்ணோ, ‘பள்ளியிடமே உள்ளது’ என்ற குறிப்போ இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர்களில் கணக்கை முதலில் புரட்டுபவர்கள் உண்டு. நானும் அந்த வகை. மொத்தத்தில் 15 விழுக்காட்டை ‘இதரச் செலவுகள்’ என்று ஒரே வரியில் போட்டிருப்பதைப் பார்த்த பிறகு, மற்றப் பக்கங்களைச் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பேன்.

டேப்லெட்டே தேவையா என்றும் ஒருமுறை யோசியுங்கள். நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பாத்திரமும் அளவுகோலும் இருந்தால் மழையை மில்லிமீட்டரில் அளந்துவிடலாம். புதுமை என்ற சொல்லைக் கண்டதும் நாம் கருவியைத்தான் நினைக்கிறோம். நல்கை தருபவர்களில் அனுபவம் உள்ளவர்கள் அப்படி நினைப்பதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. குழந்தைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தைப் பெரு நாட்டின் ஊரகத்தில் 319 தொடக்கப் பள்ளிகளை வைத்து ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி 1.18 ஆக உயர்ந்திருந்தும், கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே கருவி வந்தபின் உங்கள் பாடவேளை எப்படி மாறும் என்பதை ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு நாள்வாரியாக எழுதிக் காட்டுங்கள். உங்கள் திட்டத்தில் புதுமை இருப்பது அங்கேதான், அதற்கு நீங்கள் ஒதுக்கியிருப்பதோ நான்கு வரிகள்.

குறிக்கோள் பகுதியில் ‘மாணவர்களின் அறிவியல் மனப்பான்மை மேம்படும்’ என்கிறீர்கள். மேம்படட்டும், ஆனால் மேம்பட்டதை யார் எப்படிப் பார்ப்பது? குறிக்கோள்களைச் சோதிக்கப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் ‘ஸ்மார்ட்’ (SMART, எழுத்துக்கு ஒரு சோதனை) சூத்திரத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேலாண்மைத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் டோரன் 1981-இல் அதை எழுதியபோது மூன்றாவது எழுத்தான A-வுக்குச் சொன்ன பொருள், இப்போது பலரும் சொல்வதுபோல ‘எட்டக்கூடியது’ என்பதன்று; ‘இன்னார் பொறுப்பு என்று ஒப்படைக்கத்தக்கது’ என்பதே. பள்ளி விண்ணப்பங்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். விடுமுறை நாளில் மழையளவை யார் குறிப்பார்? நீங்கள் விடுப்பில் போனால் யார் நடத்துவார்? ‘பருவ இறுதியில், அதே கடினத்தில் அமைந்த வேறு கேள்வியில், 38 பேரில் குறைந்தது 28 பேர் அலகையும் இடைவெளியையும் சரியாகக் குறிப்பார்கள், விடைத்தாளை இணை வகுப்பின் ஆசிரியர் திருத்துவார்’ என்று எழுதினால் எண், காலம், ஆள் மூன்றும் வந்துவிடுகின்றன. அனைவரும் நூற்றுக்கு நூறு பெறுவார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வகுப்பறையை அறிந்த எவரும் அதை நம்பமாட்டார்கள். பன்னிரண்டு அமர்வுகள் நடத்துவோம் என்பதைப் பயனாகக் காட்டியிருப்பதையும் நீக்குங்கள். அது நீங்கள் செய்யும் வேலை. பயன் என்பது குழந்தையிடம் தெரிய வேண்டியது. திட்டத்தில் சேராத இணை வகுப்புக்கும் அதே இரு தேர்வுகளையும் வைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைக்கும். செலவோ வினாத்தாள் அச்சிடுவதோடு சரி.

தலைமையாசிரியரின் கடிதம் வெறும் வாழ்த்துமடலாக இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்படும், கருவிகளைப் பூட்டி வைக்க இடம் தரப்படும், நல்கை முடிந்த ஆண்டிலும் பழுதுபார்க்கும் செலவைப் பள்ளி ஏற்கும் என்று அவர் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும். பணம் தீர்ந்தபின் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மீண்டும் அதே இடத்துக்கு விண்ணப்பிப்பதில் தயக்கம் வேண்டாம். அறிவிப்பில் மதிப்பெண் பங்கீடு தந்திருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மதிப்பீட்டு முறைக்கு நூற்றில் 25 என்றிருக்கும்போது அதற்கு மூன்று வரி ஒதுக்குவது, பெரிய வினாவை விட்டுவிட்டு வரும் மாணவன் செய்வதைப் போன்றது. குழுவினரின் முழுக் கருத்துகளையும் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்; கேட்டால் தருபவர்கள் பலர் உண்டு. மறுமுறை அனுப்ப அனுமதித்தால், சென்ற முறை சுட்டிய குறை எந்தப் பக்கத்தில் எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பு, மொழிப்பாட ஆசிரியர் ஒருவரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, திட்டம் தொடங்கும் திங்கட்கிழமை காலை குழந்தைகள் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.