கழி எட்டும் கடல்

கேள்வி: ஐயா, போன இதழில் சேதுபாவாசத்திரம் கடற்கரையில் வளர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் படகு ஓட்டியிருக்கிறீர்களா? அந்தக் கடல் இப்போதும் அப்படியேதான் இருக்கிறதா?
– வாசகர் ஒருவர், பேராவூரணி

நான் படகு ஓட்டினேன் என்று சொன்னால் என் தாய்மாமா சிரிப்பார். அவருடைய வத்தையில், அதாவது பாய்கட்டிய நாட்டுப்படகில், எனக்கு வேலை தண்ணீர் இறைப்பது. பலகை இடுக்கில் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு தகர டப்பாவால் அள்ளி அள்ளி ஊற்ற வேண்டும். காற்று ஏறிவிட்டால் வேறு வேலை. காற்று வரும் பக்கமாக ஒரு பலகையை வெளியே நீட்டி, வத்தை சாயாமலிருக்க அதில் ஆளை உட்கார வைப்பார்கள். "எடையில்லாத பயலே, இன்னும் தள்ளிப் போடா" என்பார் மாமா. ஒல்லியாக இருந்ததற்குத் தண்டனை, பலகையின் கோடியில், காலுக்குக் கீழே கடல்.

காற்று விழுந்தால் மூங்கில் கழி. கரை மங்கலாகத் தெரிகிற தூரத்தில்கூடப் பல இடங்களில் கழி தரையைத் தொடும். ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்துவிடலாம். திரும்பி வர அடையாளம் மனோரா. நெப்போலியன் வீழ்ந்ததற்காக 1814-ல் சரபோஜி மன்னர் கட்டிய எட்டு மாடிக் கோபுரம். எங்களுக்கு அது கரை எந்தப் பக்கம் என்று சொல்லும் கல், அவ்வளவுதான்.

தண்ணீர் தெளிந்த நாளில் குப்புறப் படுத்துப் பார்த்தால் அடியில் பச்சையாகப் புல் ஆடும். நண்டு வலையை இழுத்தால் அந்தப் புல்லும் கொத்துக் கொத்தாக வரும். அதை உதறி எடுப்பதும் பையன்கள் வேலை என்பதால் அந்தப் புல்லை நாங்கள் திட்டாத திட்டில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எங்கள் கடலான பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் பத்து மீட்டருக்குள்தான். வெயில் அடி வரைக்கும் இறங்குகிறது, அதனால்தான் புல். இது பாசி இல்லை. வேரும் பூவும் உள்ள தாவரம். சேற்றைப் பிடித்து வைக்கும், இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அதற்குள்தான் ஒளிந்து வளரும். ஆனால் ஆழமில்லாத கடலில் இழுவைமடி, அதாவது விசைப்படகு அடியோடு இழுத்துப் போகும் வலை, போட்டால் என்ன ஆகும்? மடியை விரிக்கிற கனத்த பலகைகள் தரையைச் சுரண்டிக்கொண்டே போகும். புல் வேரோடு வரும், கலங்கிய சேறு வெயிலை மறைக்கும், மிச்சப் புல்லும் தேறாது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நாட்டுப்படகுக்குச் சில நாள், விசைப்படகுக்குச் சில நாள் என்று கிழமையையும் பிரித்தார்கள். இருட்டில் யார் எந்தக் கோட்டுக்குள் நிற்கிறார்கள் என்பதைக் கரையில் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள்.

கேள்வி: கடல்பசுவைப் பார்த்திருக்கிறீர்களா?
– கல்லூரி மாணவி, புதுக்கோட்டை

முதுகை மட்டும். மூச்சு வாங்க மேலே வரும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. எங்கள் பெரியவர்கள் ஆவுளியா என்பார்கள். அந்தக் காலத்தில் அதன் கறி ஊருக்குள் வந்ததும் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்கு மேல் புல் தின்னும் பிராணி. குட்டியை ஒரு வருஷத்துக்கும் மேல் சுமக்கும், அடுத்த குட்டிக்குப் பல வருஷம் ஆகும். ஒன்று செத்தால் ஈடுகட்ட எத்தனை காலம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். வலையில் சிக்கிய கடல்பசுவை, வலையை அறுத்துக் கடலுக்கே அனுப்புகிற மீனவர்கள் இப்போது இருக்கிறார்கள். வலைக்கு ஆகும் செலவு தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கேள்வி: குழந்தைகளோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகலாமா?
– குடும்பத் தலைவி, மன்னார்குடி

தாராளமாக. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள். உச்சி வெயிலில் பிள்ளைகள் அழுதுவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்தக் காட்டை மொட்டையடித்துப் போட்டது. திரும்பத் துளிர்த்த இடமும் உண்டு, காய்ந்த கம்பாகவே நிற்கிற இடமும் உண்டு. இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆற்றுத் தண்ணீர் குறைந்து, வண்டல் சேர்ந்து, காயல் மேடாகிக்கொண்டே வருகிறது.

கேள்வி: எல்லாரும் பழையபடி பாய்மர வத்தைக்கே திரும்பிவிட்டால் கடல் பிழைத்துவிடாதா?
– வாசகர், திருச்சி

திருச்சியில் இருந்துகொண்டு சொல்வது எளிது சார். கச்சான் காற்றில் பாய் கிழிந்து பட்டினியாகத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே இஞ்சின் கிடைத்திருந்தால் என் மாமா பாயைச் சுருட்டி அடுப்படியில் விரித்திருப்பார். ஃபைபர் படகில் சின்ன இஞ்சினை மாட்டி நண்டு வலை விடுகிறவரால் புல்லுக்குப் பெரிய சேதமில்லை. சேதம் அடியைச் சுரண்டும் மடியால். இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017-ல் தொடங்கியது. இலக்கில் பாதிகூட எட்டவில்லை. கடன் சுமை, ஆழ்கடல் பழக்கமின்மை என்று படகுக்காரர்கள் சொல்கிற காரணங்கள் நியாயமானவை. அதற்கு வழி செய்யுங்கள் என்று கேட்டு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.